கதவோரப் படுக்கை

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் வீட்டில் ராத்திரி எல்லோரும் படுத்தபிறகு கதவுக்குப் பக்கத்தில் இருப்பது யார்? கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

என் தங்கை மகள் கோவையில் கல்லூரியில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது ‘சூப்பர்நேச்சுரல்’ என்ற அமெரிக்கத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 2005இல் தொடங்கி 2020 வரை 15 சீசன், 327 அத்தியாயம் ஓடிய தொடர். டீன், சாம் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர், பேய் பிசாசை வேட்டையாடிக்கொண்டு பழைய கறுப்புக் காரில் ஊர் ஊராகப் போகிறார்கள். ரொம்ப வருடம் அவர்களுக்கு வீடு என்று ஒன்று கிடையாது. சாலையோர லாட்ஜில் அறை எடுத்துத் தங்குவார்கள். எனக்குப் பேய்க்கதையில் நாட்டமில்லை, எழுந்து போகப் பார்த்தேன். கையைப் பிடித்து உட்காரவைத்தாள். “பெரியம்மா, பேயை உடுங்க. அண்ணங்காரன் எந்தக் கட்டில்ல படுக்கறான்னு மட்டும் பாருங்க” என்றாள்.

பார்த்தேன். அறையில் இரண்டு கட்டில். கதவோரக் கட்டிலில் டீன். இன்னொரு அத்தியாயம் போட்டாள், வேறு ஊர், வேறு லாட்ஜ். அங்கேயும் கதவோரம் அண்ணன்தான். இதைப் பற்றி அந்தக் கதையில் யாரும் வாயைத் திறப்பதில்லை. பார்க்கிறவர்கள்தான் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். உள்ளே வருவது எதுவாக இருந்தாலும் முதலில் தன்னைத் தாண்டித்தான் தம்பியிடம் போக வேண்டும் என்று படுத்திருக்கிறான். அவன் தலையணைக்கு அடியில் ஒரு கத்தியும் இருக்கும்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

காங்கயத்துக்குத் தெற்கே தோட்டத்துக்குள் எங்கள் சாளை வீடு. பக்கத்து வீடு என்றால் கூப்பிடு தூரத்துக்கும் அப்பால். கரண்ட் பாதி ராத்திரியில்தான் வரும். வந்ததும் அப்பா மோட்டார் போட ஓடுவார், மடை திருப்ப அம்மாவும் கூடப் போவார்கள். “சாமி, கதவைச் சாத்திக்க, புள்ளைகளப் பாத்துக்க” என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு டார்ச் லைட்டோடு இறங்கிப் போவார்கள். அண்ணனுக்கு அப்போது ஒன்பது வயது. எனக்கு ஐந்து, தங்கச்சிக்கு மூன்று. சுவரோரம் தங்கச்சி, நடுவில் நான், கதவை ஒட்டி அண்ணன். பாய்க்கு அடியில் மாடு ஓட்டுகிற தார்க்குச்சி.

ஏன் அங்கேயே படுக்கிறாய் என்று கேட்டால் “காத்து வரும்” என்பான். ஆடி மாசத்தில் அது சரி. எங்கள் பக்கத்து ஆடிக் காற்று உங்களுக்குத் தெரியும், ஆளையே தள்ளும். ஆனால் மார்கழியிலும் அங்கேதான் படுத்திருந்தான். கதவிடுக்கில் பனி ஊசிபோல ஏறும். காதுவரைக்கும் போர்வையை இழுத்துக்கொண்டு, முழங்காலை மடக்கிக்கொண்டு, அதே கதவோரம். மார்கழியில் யாருக்கு வேண்டும் காற்று? இத்தனை வருடம் எனக்கு இது தோன்றவே இல்லை. எங்கோ ஒரு நாட்டில் எடுத்த பேய்க்கதை வந்துதான் காட்ட வேண்டியிருந்தது.

மறுநாள் அண்ணனுக்குப் போன் செய்தேன். “ஏண்ணா, சின்ன வயசுல எதுக்குக் கதவோரமே படுத்துக்குவே?” என்று கேட்டேன். “காத்து வரும்னுதான்” என்றான். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், “உங்க ஊட்டுப் பின்கதவுத் தாழ்ப்பாள் சரி பண்ணீட்டியா இல்லியா?” என்று கேட்டான்.

சரி, தொடருக்கு வருகிறேன். கேமரா வைக்க வசதியாக இருந்திருக்கும், அதற்குப்போய் இத்தனை அர்த்தமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஒரு தடவை என்றால் நானும் விட்டுவிடுவேன். ஊர் மாறி, அறை மாறி, திரும்பத் திரும்ப அங்கேயே படுத்தால்? கதையில் வெளிப்படையாக வருவதோடும் அது ஒட்டிப்போகிறது. சாமுக்கு ஆறு மாதம், டீனுக்கு நாலு வயது இருக்கும்போது வீடு பற்றி எரிகிறது. அப்பா குழந்தையை அவன் கையில் கொடுத்து, தம்பியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடு என்கிறார். அன்றைக்கு வாங்கிய தம்பியை அவன் இறக்கி வைக்கவே இல்லை. முதல் சீசனில் அவர்களுடைய சின்ன வயசுக் காட்சி ஒன்று. அப்பா வேட்டைக்குப் போய்விட்டார். டப்பாவில் பாலில் போட்டுச் சாப்பிடும் தானியம் கடைசியாக ஒரு ஆளுக்குத்தான் இருக்கிறது. தான் இன்னும் அதைச் சாப்பிடவே இல்லை என்று முணுமுணுத்துவிட்டுத் தம்பி பக்கம் தள்ளிவிடுகிறான். தம்பி டப்பாவுக்குள் இருந்த விளையாட்டுச் சாமானை எடுத்து அண்ணனிடம் நீட்டுகிறான். ‘உன்மேல் பாசம்’ என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நம் வீடுகளில் மட்டும் யார் சொல்கிறோம்?

அதே காரின் சாம்பல் கிண்ணத்தில், சாம் சின்ன வயதில் திணித்து வைத்த பொம்மைச் சிப்பாய் ஒன்று மாட்டிக்கொண்டு கிடக்கிறது. ஐந்தாவது சீசனின் முடிவில், சாத்தானே உடம்புக்குள் புகுந்துகொண்ட சாமுக்கு அண்ணனை நினைவுபடுத்துவது அந்தப் பொம்மைதான். சின்னச் சாமான்தான், கதையே அதன்மேல் நிற்கிறது.

இப்படிக் கதையைக் கேட்பது நமக்குப் புதிதில்லை. அண்ணன்மார் சாமி கதை தெரியாத கொங்கு வீடு உண்டா? பொன்னர், சங்கர், அவர்கள் தங்கை தங்காள். மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக் 1965இல் எங்கள் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி நாடாவில் பதிவுசெய்த கதைப்பாடல் அது. உடுக்கை அடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடுவார்கள். தங்காள் கெட்ட கனவு காண்கிற இடம் வந்ததும் என் அம்மாவைப் பெற்ற அம்முச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொள்ளும். “பாரு, அவளுக்குச் சோறு எறங்கல. அண்ணன்மாருக்குப் போட்ட தட்டையே பாத்துட்டு நிக்கறா” என்று என் காதில் சொல்லும். பாட்டுக்காரர் அப்படிப் பாடவில்லை. தட்டும் சோறும் அம்முச்சி பார்த்தது. சின்ன வயதில் தம்பியைப் பறிகொடுத்த அம்முச்சி. என் தங்கை மகளும் அம்முச்சியும் செய்வது ஒரே காரியம் என்றுதான் நான் நினைக்கிறேன். பாசத்தில் வளர்ந்த கண்ணுக்குத்தான் அது தெரியும்.

நம் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கும் உடன்பிறந்தவளுக்கும் செய்கிற இணைச்சீரைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல நினைத்து வந்தேன். நேரம் முடிந்துவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் கல்யாணத்தில் இணைச்சீருக்கு நான் பக்கத்தில் நின்றபோது பந்தலில் ஒரே நெரிசல். அண்ணன் ஒரு எட்டு நகர்ந்து, கூட்டம் வருகிற பக்கமாக நின்றுகொண்டான். அந்தப் போட்டோ இன்னும் என்னிடம் இருக்கிறது. வணக்கம்.