கையை எடுக்கும் நேரம்

வணக்கம் நேயர்களே.

குதிரையைப் பற்றி ஒரு பழமொழி உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் வாயை மூடுமாம். சாப்பாட்டுக்கு முந்தி வேலைக்குப் பிந்துகிற ஆளைக் குத்திக்காட்ட இதைச் சொல்வார்கள். கைவிடப்பட்ட குதிரைகளை மீட்டுப் பராமரிக்கிற ஒரு காப்பகத்தில் நான் 11 வருடமாகத் தன்னார்வலராக இருக்கிறேன். அங்கே போக ஆரம்பித்த பிறகு இந்தப் பழமொழி என் வாயில் வருவதே இல்லை. பட்டினி கிடந்து வந்த குதிரைக்கு முதல் நாளே கொள்ளையும் தானியத்தையும் அள்ளிப் போட்டால் அது செத்தே போகலாம். கடிவாளத்தைக் கண்டு ஒரு குதிரை வாயை மூடினால், பெரும்பாலும் வாய்க்குள் எங்கேயோ அதற்கு வலிக்கிறது.

ஒரே ஒரு குதிரையை வைத்து இதையெல்லாம் சொல்லிவிடுகிறேன். பெண் குதிரை. நிறத்தைப் பார்த்து செவலை என்று கூப்பிட்டோம், அந்தப் பெயரே நின்றுவிட்டது. வண்டியிலிருந்து இறங்கியபோது விலா எலும்புகளைத் தூரத்தில் நின்றே எண்ணலாம். இடுப்பெலும்பு இரண்டும் தோலைக் குத்திக்கொண்டு நின்றன. கண்ணுக்கு மேலே ஒரு குழி. பல மாதம் யாரும் வெட்டிவிடாத குளம்புகள் முன்பக்கம் நீண்டு மேல்நோக்கி வளைந்திருந்தன. அதனால் குதிகால் பக்கம் ஊன்றி, தயங்கித் தயங்கி நடந்தது.

குதிரையின் உடல் எந்த நிலையில் இருக்கிறது என்று மதிப்பிட, 1983-இல் டெக்சாஸில் ஹென்னக்கி என்ற ஆய்வாளர் வகுத்த ஒரு அளவுகோல் இருக்கிறது. 1 முதல் 9 வரை மதிப்பெண். 5 என்றால் சரியான உடம்பு, 9 என்றால் கொழுத்துவிட்டது. கண்ணால் மட்டும் பார்த்துப் போடுவதில்லை. கழுத்து, திமில் பகுதி, தோளுக்குப் பின்புறம், விலா, முதுகு, வாலின் அடி என்று ஆறு இடங்களைத் தொட்டு அழுத்திப் பார்க்க வேண்டும். அடர்ந்த முடி கண்ணை ஏமாற்றும், கையை ஏமாற்றாது. கால்நடை மருத்துவர் செவலைக்குப் போட்ட மதிப்பெண் 1.

அப்படி ஒரு உயிரைப் பார்த்ததும் நமக்கு என்ன தோன்றும்? வயிறு நிறையப் போட வேண்டும் என்றுதான் தோன்றும். அங்கேதான் கையைக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துத்தான் உயிரைப் பிடித்து வைத்திருக்கும். அதற்குள் திடீரென்று மாவுச்சத்தை இறக்கினால் இன்சுலின் பெருகும். இரத்தத்தில் ஏற்கெனவே குறைவாக இருக்கும் பாஸ்பரஸ், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் குளுக்கோஸோடு சேர்ந்து செல்களுக்குள் போய்விடும். இரத்தத்தில் அவை இல்லாமல் போனால் இதயம் தடுமாறும், மூச்சு தடுமாறும். நன்றாகச் சாப்பிட்டு நாலைந்து நாள் ஆன பிறகு குதிரை விழுந்து இறந்துபோகும். பட்டினியில் தப்பித்தது சாப்பாட்டில் சாகும்.

அதனால் குதிரை மசால் என்கிற தீவனப் பயிரை மட்டும்தான் கொடுத்தோம். புரதமும் மக்னீசியமும் பாஸ்பரஸும் அதில் நன்றாகவே உண்டு, மாவுச்சத்து குறைவு. மருத்துவர் சொன்னபடி முதல் மூன்று நாள் ஒரு தடவைக்கு சுமார் அரைக் கிலோ, 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை. இரவு 10 மணிக்கு ஒன்று, விடிகாலை 2 மணிக்கு ஒன்று, 6 மணிக்கு ஒன்று. ஆறு பேர் முறை வைத்துப் பார்த்துக்கொண்டோம். அரைக் கிலோ மசாலைச் செவலை பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிடும். அப்புறம் காலித் தொட்டியை முன்னங்காலால் தட்டும். தட்டிவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். புதிதாக வந்த ஒரு பெண் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாமல் வெளியே போய் நின்று அழுதாள். அவளை யாரும் தேற்றவில்லை, எங்கள் எல்லோருக்குமே தொண்டை அடைத்துத்தான் இருந்தது. ஆனால் யாரும் ஒரு கைப்பிடி கூடுதலாகப் போடவில்லை. பசித்த வாய்க்கு முன்னால் கையை நிறுத்திக்கொள்வதைப் போலக் கடினமான வேலை அந்தக் காப்பகத்தில் வேறு எதுவும் இல்லை. பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். இப்படிப்பட்ட குதிரை பழைய உடம்புக்கு வர ஆறு மாதம் முதல் பத்து மாதம் வரை ஆகும்.

குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்குச் சிறியது. அது சாப்பிடாதபோதும் அதில் அமிலம் சுரந்துகொண்டே இருப்பதால், நாளில் பெரும்பகுதி எதையாவது மென்றுகொண்டே இருக்கும்படி படைக்கப்பட்ட பிராணி அது. வயிறு காலியாகவே கிடந்தால் புண் வந்துவிடும். இன்னொன்று, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது முன்னால்தான் போயாக வேண்டும். அதனால் அதற்கு வயிற்று வலி வந்தால் நாம் நினைப்பதை விடப் பெரிய ஆபத்து. எங்கள் காப்பகத்தில் புதிதாகச் சேருகிறவருக்கு முதலில் கற்றுத்தருவது குதிரையேற்றம் கிடையாது, வயிற்றுச் சத்தம் கேட்பது. கடைசி விலாவுக்குப் பின்னால், அடிவயிற்றில் காதை ஒட்டி வைத்தால் தூரத்தில் இடி உருளுவது போலக் கேட்கும். நடுநடுவே தண்ணீர் சலசலக்கும். அந்தச் சத்தம் இருந்தால் நிம்மதி. ஒன்றுமே கேட்காமல் நிசப்தமாக இருந்தால், குதிரையும் திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தால், யோசிக்காமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். லத்தி போடுகிறதா, எத்தனை தடவை, எப்படி இருக்கிறது என்று எழுதி வைப்பதும் எங்கள் வேலைதான். ஒரு குதிரை போடும் லத்தியும் சிறுநீரும் சேர்ந்து நாளைக்கு 20 கிலோவைத் தாண்டும். தன்னார்வலரின் நேரத்தில் பாதி அதை அள்ளுவதிலேயே போகும், அதைச் சொல்ல நான் கூச்சப்படவில்லை.

புதுக் குதிரையைச் சில வாரம் தனியாக வைப்பது, டெட்டனஸ் தடுப்பூசி போடுவது, குடற்புழுவுக்கு மருந்து கொடுப்பது, இதெல்லாம் மருத்துவர் பார்த்துக்கொள்வார். நாங்கள் பிடித்து நிற்போம். ஆனால் பிடித்து நிற்க முதலில் குதிரை தொட விட வேண்டுமே.

செவலை விடவில்லை. தலைக்கயிற்றைக் கையில் எடுத்தாலே கொட்டிலின் மூலைக்குப் போய், பின்புறத்தை நம் பக்கம் திருப்பிக்கொள்ளும். குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றிலும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. தெரியாத இடத்திலிருந்து வருவதை அது எதிரியாகத்தான் எடுத்துக்கொள்ளும். அதனால் பக்கவாட்டில், தோளை நோக்கிப் பேசிக்கொண்டே போக வேண்டும்.

நான் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன். முதல் வாரம் அவ்வளவுதான். இரண்டாவது வாரம் ஒரு அடி எடுத்து வைப்பேன். அது காதைத் திருப்பி என்னைப் பார்த்த உடனே நின்று, ஒரு அடி பின்னால் வந்துவிடுவேன். பார்த்தால் போகிறார், பயப்பட வேண்டியதில்லை என்று அதற்குப் புரியும் வரை இதையே செய்தேன். குதிரைப் பயிற்சியின் உயிர்நாடி இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நாம் அழுத்தும்போது குதிரை எதையும் கற்பதில்லை, அழுத்தத்தை எடுக்கிற அந்த நொடியில்தான் கற்கிறது. கயிற்றை மெல்ல இழுக்கிறோம், அது ஒரு அடி வைக்கிறது, அந்த அடி தரையைத் தொடும் முன்பே கயிறு தளர்ந்திருக்க வேண்டும். இரண்டு நொடி தாமதித்துத் தளர்த்தினால் எதற்காகத் தளர்ந்தது என்று அதற்குத் தெரியாது.

இதில் நான் செய்த ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். ஒரு மாதம் கழிந்து செவலை கழுத்தைத் தடவ விட்டது, தோளைத் தடவ விட்டது. இனிக் காலுக்குப் போகலாம் என்று முன்னங்காலில் கையை இறக்கினேன். முழங்காலைத் தாண்டியதும் காலை வெடுக்கென்று உதறியது. பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டேன். மறுபடி இறக்கினேன், மறுபடி உதறியது, மறுபடி எடுத்தேன். நான்கு தடவை. உதறினால் கை போய்விடும் என்ற பாடத்தை நானே அன்றைக்கு அதற்கு நன்றாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். மறுநாள் முழங்காலுக்கு மேலேயே உதற ஆரம்பித்தது. அந்த ஒரு கால் மணி நேரத்தைச் சரிசெய்ய எனக்கு மூன்று வாரம் ஆனது.

எப்படிச் சரிசெய்தேன் என்றால், கையை அது பொறுத்துக்கொள்கிற இடத்திலேயே வைத்தேன். முழங்காலுக்கு ஒரு சாண் மேலே. அது அமைதியாக ஒரு மூச்சு விட்டதும் எடுத்துவிட்டேன். அப்புறம் இரண்டு விரல் கீழே. அசைந்தால் கை கூடவே அசையும், விடாது, இறுக்கிப் பிடிக்கவும் செய்யாது. நின்றதும் எடுத்துவிடுவேன். ஒரு நாள் கணுக்கால் வரை கை போனது. லேசாக அழுத்தினேன். எடையை மற்ற மூன்று கால்களுக்கு மாற்றிக்கொண்டு, குளம்பைத் தானாகத் தரையிலிருந்து ஒரு விரற்கடை தூக்கியது. உடனே விட்டுவிட்டேன். அது தலையைத் தாழ்த்தி, நாக்கால் உதட்டைத் தடவி, வாயை அசைபோட்டது. அந்த நாளை நான் மறக்கவே மாட்டேன். அதன் பிறகுதான் லாடக்காரரை வரச் சொன்னோம். ஒரே நாளில் வெட்டிச் சரிசெய்யும் குளம்பு இல்லை அது. சில வார இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்.

குதிரை நம் உடம்பைப் படிக்கிற விதம் ஆச்சரியமானது. நூறு வருடத்துக்கும் முன்னால் பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கணக்குக் கேட்டால் விடையைக் குளம்பால் தட்டிச் சொல்லும். அதன் உரிமையாளர் அதற்கு உண்மையிலேயே கணக்குத் தெரியும் என்றுதான் நம்பினார். 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியல் ஆய்வாளர் சோதித்துப் பார்த்தார். கேட்கிறவருக்கு விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்கிறவரின் தலை தன்னையறியாமல் துளி அசைகிறது, அதைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்துகிறது. குதிரைக்குக் கணக்குத் தெரியாது என்பதோடு பலர் இந்தக் கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு அந்தத் துளி அசைவுதான் பெரிதாகப் படுகிறது. அந்த மனிதருக்கே தெரியாதது குதிரைக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நாளில் நான் செவலையின் காலைத் தூக்கப் போவதில்லை. லத்தி அள்ளுவேன், தண்ணீர் தொட்டியைக் கழுவுவேன். என் தோள் இறுகி இருப்பதை அது கொட்டில் வாசலிலேயே பார்த்துவிடும்.

கடிவாள விஷயத்துக்கு வருகிறேன். குதிரையின் பற்கள் தேயத் தேய ஈறிலிருந்து மேலே வந்துகொண்டே இருக்கும். மெல்லும்போது ஒரே மாதிரி தேயாமல் ஓரங்கள் கத்தி போலக் கூர்மையாகிவிடும். அது கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். ஆண்டுக்கு ஒரு தடவையாவது மருத்துவர் வாயைத் திறந்து பார்த்து அரத்தால் ராவிவிட வேண்டும். செவலையின் கன்னத்தின் உள்பக்கம் இரண்டு புறமும் பழைய தழும்பு, புதுப் புண். அந்த வாயில் இரும்பைத் திணித்து, இழுத்து, பிடிவாதக்காரக் குதிரை என்று யாரோ பெயர் வைத்து ஒதுக்கியிருக்கிறார்கள். பல்லைச் சரிசெய்து, புண் ஆறி, இரண்டு மாதம் வெறும் தலைக்கயிற்றிலேயே பழக்கினோம். கடைசி வரை அதற்குக் கடிவாளம் தேவைப்படவே இல்லை.

தன்னார்வலராக வர விரும்புகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வாரத்தில் ஒரே ஒரு நாள் போதும், ஆனால் அதே நாள், அதே நேரம் வரமுடியுமா? ஆர்வத்தோடு தினம் வந்து மூன்றாவது வாரம் காணாமல் போகிறவர்களால் குதிரைக்கு நல்லதை விடக் கெடுதல்தான் அதிகம். சேணம் போட்டு ஏற வேண்டும் என்று வருகிறவர்களையும் நான் திருப்பி அனுப்புவதில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஒரு வாரம் உட்காரச் சொல்வேன். பாதிப் பேர் உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்கள்தான் பிறகு நிலைக்கிறார்கள். அப்புறம், கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். குதிரை மிரண்டால் கயிறு போகட்டும், விரல் மிஞ்சட்டும்.

குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது தெரிந்ததுதான். ஆனால் ஆழ்ந்த தூக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். பயம் இருக்கும் வரை படுக்காது. கூட்டத்தில் ஒன்று காவல் நின்றால்தான் மற்றவை படுக்கும். செவலை வந்து நான்காவது மாதம், ஒரு விடிகாலையில் போனபோது கொட்டிலில் தலை தெரியவில்லை. நெஞ்சு பதறி ஓடினேன். வைக்கோல் மேல் பக்கவாட்டில் சாய்ந்து, கால்களை நீட்டி, உதடு துடிக்கத் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கொட்டிலில் இருந்த கிழட்டுக் குதிரை கம்பிக்கு மேலே தலையை நீட்டி நின்றது. நான் வந்த வழியே திரும்பி, சத்தம் காட்டாமல் வெளியே உட்கார்ந்துகொண்டேன்.

ஒன்பதாவது மாதம் செவலைக்கு ஒரு வீடு கிடைத்தது. ஏற்கெனவே இரண்டு குதிரை வைத்திருப்பவர், நிலமும் இருக்கிறது. ஐந்தாறு தடவை வந்து பழகினார். கடைசித் தடவை, முன்னங்காலை அவரே தூக்கிக் குளம்பைச் சுத்தம் செய்யட்டும் என்று நான் தள்ளி நின்றேன். அவர் குளம்பு நோண்டும் கொக்கியோடு குனிந்தார். செவலை காலைக் கொடுத்தது. நடுவில் ஒரு ஈ உட்கார்ந்து, கால் லேசாக உதறியது. அவர் இப்போது விடப்போகிறாரா என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். விடவில்லை. கை காலோடு கூடவே போனது. செவலையின் கால் தளர்ந்தது. அடுத்த நொடி அவர் குளம்பை மெதுவாகத் தரையில் வைத்தார். அதற்குப் பிறகுதான் என் கையிலிருந்த கயிற்றை அவரிடம் கொடுத்தேன்.

வணக்கம்.