படகு போன வழியில் சைக்கிள்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் ஊரில் சைக்கிள் ஓட்டுகிறவரைக் கவனித்துப் பாருங்கள். கண் முன்னால் இருக்கும், காது பின்னால் இருக்கும். லாரி வருகிறதா, பஸ்காரர் ஹாரன் அடிக்கிறாரா, ஆட்டோ எந்தப் பக்கம் நுழைகிறது என்று காது ஓயாமல் வேவு பார்த்துக்கொண்டிருக்கும். நாற்பது வருடமாக நானும் அப்படித்தான் ஓட்டினேன். அந்தக் காதுக்கு முதல்முறையாக விடுப்புக் கிடைத்தது தென்மேற்குப் பிரான்ஸில். துலூஸ் நகரத்திலிருந்து போர்தோ வரை, ஐந்து நாள், ஏறக்குறைய 260 கிலோமீட்டர். துலூஸில் வேலை பார்க்கும் என் மனைவியின் தம்பிதான் கூட்டிப் போனார். முதல் நாள் காலையில் நான் நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்ப்பதைக் கண்டு, "அத்தான், பின்னால யாரும் வரமாட்டாங்க. முன்னால பாத்து ஓட்டுங்க, கால்வாய்ல விழுந்துடாதீங்க" என்றார்.

இந்த மாதிரிப் பாதைக்குப் பிரெஞ்சில் 'வுவா வேர்த்' என்று பெயர். பச்சை வழி. 2004இல் போக்குவரத்துச் சட்டத்திலேயே இதைச் சேர்த்துவிட்டார்கள். மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் நடந்து போகிறவர்களுக்கும் மட்டும். சில இடங்களில் குதிரைக்கும் அனுமதி உண்டு. மொபெட்டுக்கு இடம் கிடையாது. மிதித்தால் மட்டும் உதவி செய்யும் மின்சார சைக்கிள் போகலாம். நாட்டிலேயே முதலாவது என்று சொல்லப்படுவது பர்கண்டிப் பகுதியில், ஜிவ்ரி என்ற ஊரிலிருந்து க்ளூனி வரை, 1997இல் திறந்தது. 44 கிலோமீட்டர். அது ஒரு பழைய ரயில் பாதை.

இந்தப் பழைய ரயில் பாதை சமாச்சாரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சைக்கிள்காரர்களுக்காக மலையைக் குடைந்து, பள்ளத்தை நிரப்பி, சமமாகப் பாதை போட எந்த அரசாங்கமும் பணம் ஒதுக்காது. வேறு யாருக்கோ போட்ட பாதை அது. 1870களின் கடைசியில் ஃப்ரேசினே என்ற பொதுப்பணி அமைச்சர் ஒரு பெரிய திட்டம் போட்டார். சின்னச் சின்ன ஊருக்கெல்லாம் ரயில் போக வேண்டும் என்று. போனது. அப்புறம் காரும் பஸ்ஸும் வந்தன, கிளைப் பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள், மேடு அப்படியே கிடந்தது. நீராவி இன்ஜினால் செங்குத்தாக ஏற முடியாது; அதனால் பாதை முழுக்கச் சரிவே தெரியாத சரிவு. அந்தச் சரிவு இன்று என் முழங்காலுக்கு உதவுகிறது.

கால்வாய் கதை இன்னும் பழையது. துலூஸுக்குக் கிழக்கே மத்தியதரைக் கடல் பக்கம் போகிறது கனால் து மிதி. உப்பு வரி வசூலித்துப் பணம் சேர்த்த பியேர் போல் ரிக்கே என்பவர் 1666இல் ஆரம்பித்த வேலை. 1681இல் முடிந்தது, ஆனால் அதற்குச் சில மாதம் முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். 240 கிலோமீட்டர். துலூஸுக்கு மேற்கே படகுகள் கரோன் ஆற்றை நம்ப வேண்டியிருந்தது. அந்த ஆறோ ஒரு மாதம் வெள்ளம், ஒரு மாதம் மணல். அதனால் ஆற்றுக்குப் பக்கத்திலேயே 193 கிலோமீட்டருக்கு இன்னொரு கால்வாய் வெட்டினார்கள். 1838இல் தொடங்கி 1856இல் முடித்தார்கள். அதன் கரையில்தான் நாங்கள் போனோம்.

1856இல் கால்வாய் முடிந்ததா? 1857இல் அதே வழியில், போர்தோவிலிருந்து மத்தியதரைக் கடல் வரை, ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது! சரி, இரண்டும் போட்டி போடட்டும் என்று விட்டிருக்கலாம். 1858இல் கால்வாயை 40 வருடக் குத்தகைக்கு விட்டார்கள். யாருக்கு? அந்த ரயில் கம்பெனிக்கே. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை. படகுக் கட்டணம் ஏறியது, சரக்கு ரயிலுக்குப் போனது. பதினெட்டு வருடம் மண் வெட்டியவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் அன்று கால்வாய் நன்றாகப் பிழைத்திருந்தால் அதன் கரை இவ்வளவு அமைதியாக இருந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

கரையில் ஓட்டுவது எப்படி இருக்கும்? ஒரு காலத்தில் குதிரைகள் கயிறு கட்டிப் படகை இழுத்துப் போன பாதை அது. இப்போது பெரும்பகுதி தார் போட்டிருக்கிறார்கள். கால்வாய் படிப்படியாக இறங்கும்; ஒவ்வொரு படியிலும் இரண்டு பக்கமும் கதவு வைத்த ஒரு தொட்டி. படகு உள்ளே வந்ததும் தண்ணீரை வடித்து அடுத்த மட்டத்துக்கு இறக்குவார்கள். சைக்கிளுக்கு அந்த இடத்தில் இரண்டு மூன்று மீட்டர் சறுக்கு, அவ்வளவுதான். பெடலை நிறுத்திவிட்டு இறங்கலாம். தொட்டி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காவலாளி வீடு. சிலவற்றில் ஆள் இல்லை, சிலவற்றில் காபிக் கடை.

மோந்தேஷ் என்ற ஊரில் ஒரு விசித்திரத்தைப் பார்த்தோம். ஐந்து தொட்டிகளைக் கடக்கும் நேரத்தை மிச்சம் பிடிக்க 1974இல் ஒரு இயந்திரம் கட்டினார்கள். சரிவான சிமெண்ட் ஓடை, இரு கரையிலும் ரப்பர் டயர் வைத்த இரண்டு டீசல் இன்ஜின், நடுவில் ஒரு பலகை. படகையும் அது மிதக்கும் தண்ணீரையும் சேர்த்து அந்தப் பலகை மேலே தள்ளிக்கொண்டு போகும். உலகத்தில் முதல் முறை. அது வந்த காலத்தில் சரக்குப் படகே குறைந்துகொண்டிருந்தது. 2009இல் நின்றது, இப்போது இன்ஜின்கள் காட்சிப் பொருள்.

முதல் இரவு முவாசாக்கில். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல் வாசல் உள்ள மடாலயம் இருக்கிற ஊர். அந்த வாசல் சிற்பங்களின் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மடாலயத்தை உரசிக்கொண்டு ரயில் பாதை போகிறது. ரயில் போட வந்தவர்கள் உள்ளே இருக்கும் தூண் மண்டபத்தையே இடிக்கப் பார்த்தார்களாம், தப்பியது.

மறுநாள் திங்கட்கிழமை. இதை யாராவது முன்பே எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் திங்கட்கிழமை பல கடைகள் திறக்காது. திறக்கிற கடையும் பன்னிரண்டு மணிக்குச் சாத்தினால் இரண்டு மணிக்கு மேல்தான். நாங்கள் ஒரு சின்ன ஊருக்கு மேடேறிப் போய்ச் சேர்ந்தது சரியாகப் பன்னிரண்டே கால். ரொட்டிக் கடைக் கண்ணாடிக்கு உள்ளே இரண்டு ரொட்டி தெரிகிறது, கதவு பூட்டியிருக்கிறது. பையில் இருந்தது பாதிப் பாக்கெட் பிஸ்கட். தண்ணீரும் தீர்ந்துவிட்டது. "வாங்க அத்தான், கல்லறைக்குப் போவோம்" என்றார் தம்பி. பசியில் ஏதோ உளறுகிறார் என்று நினைத்தேன். இல்லை. அங்கே ஊருக்கு ஊர் கல்லறைத் தோட்டம் உண்டு, பூச்செடிக்கு ஊற்ற வாசலில் குழாய் உண்டு. நீண்ட தூர சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் இது. குடிக்கக் கூடாது என்று பலகை மாட்டியிருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே தம்பி ஒரு பெரியவர் பேரைச் சொன்னார். போல் தெ விவீ. வெலோசியோ என்ற புனைபெயரில்தான் அவரைத் தெரியும். சேந்த் எத்தியேன் ஊர்க்காரர், 1930இல் காலமானவர், பந்தயம் இல்லாமல் ஊர் பார்க்க சைக்கிளில் போவதைப் பிரான்ஸில் ஒரு வழக்கமாகவே ஆக்கியவர். சைவ உணவுக்காரர் என்று கேட்டதும் எனக்கு அவர் மேல் தனி மரியாதை வந்துவிட்டது. பசிக்கும் முன்னே சாப்பிடு, தாகத்துக்கு முன்னே குடி, பெருமைக்காக மிதிக்காதே என்று அவர் சில விதிகள் வைத்திருந்தார். முதல் இரண்டையும் அன்று நாங்கள் கோட்டை விட்டிருந்தோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கடை திறந்திருந்தாலும் நுழைந்தவுடன் 'போன்ழூர்' சொல்ல வேண்டும். நேராக "ரொட்டி கொடுங்கள்" என்றால் முகம் மாறிவிடும். பாதையில் எதிரே வருகிறவருக்கும் அதே போன்ழூர்தான். ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்லியிருப்பேன்.

அஜான் நகரத்தில் கால்வாய் ஆற்றைத் தாண்டுகிறது. கல் பாலம், 23 வளைவு, 539 மீட்டர் நீளம். மேலே கால்வாய்த் தண்ணீர், கீழே ஆற்றுத் தண்ணீர். பாலத்தின் ஓரத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும்போது நம் இடுப்பு உயரத்தில் ஒரு படகு எதிரே வருகிறது. அதற்குக் கீழே எங்கோ கரோன் ஓடுகிறது.

இனி குறையையும் சொல்ல வேண்டும். அஜானைத் தாண்டியபின் எனக்குச் சலித்தது. உண்மையைச் சொல்கிறேன். கால்வாய் நேர்கோடு, இடது பக்கம் பிளேன் என்ற நிழல் மரம், வலது பக்கம் தண்ணீர், அப்புறம் மறுபடி பிளேன் மரம். வாகனம் இல்லாத பாதையில் ஊரும் இல்லை. தட்டையான நிலம் தேடி வெட்டியது கால்வாய். ஊர்களோ வெள்ளத்துக்குப் பயந்து குன்றின் மேல். கரையை விட்டு மேடேறாதவர் பிரான்ஸையே பார்க்காமல் போர்தோ போய்விடலாம். லெ மாஸ் தஜனே என்ற சின்ன ஊருக்கு அப்படித்தான் மூச்சு வாங்க ஏறினோம். அந்த ஊர்க் கோயிலில் சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவின் ஓவியம் இருக்கிறது. 1631இல் ரெம்ப்ரான்ட் வரைந்தது. வாசலில் வரிசை இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர், வேர்வையோடு.

மரத்தைக் குறை சொன்னேன், அதற்கு வருத்தமும் உண்டு. கனால் து மிதி கரையில் சுமார் 42,000 பிளேன் மரங்கள் இருந்தன. 2006இல் அங்கே ஒரு பூஞ்சை நோய் தெரிய வந்தது. மருந்து கிடையாது, வெட்டி எரிப்பதுதான். பத்தாயிரக்கணக்கில் போய்விட்டன. வேறு வகை மரங்களை நட்டு வருகிறார்கள். அந்தப் பக்கம் போக நினைப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: துலூஸிலிருந்து முதல் 50 கிலோமீட்டர் வரை நல்ல தார்ப் பாதை. அதன் பிறகு பல இடங்களில் வேரும் கல்லுமான ஒற்றையடிப் பாதை. மெல்லிய டயர் தாங்காது.

நான்காம் நாள் கால்வாயை விட்டுப் பிரிந்து, திராட்சைத் தோட்டக் குன்றுகள் வழியாகச் சோவ்தேர் என்ற பழைய சதுரக் கோட்டை ஊருக்குப் போனோம். 1281இல் அமைத்த ஊர். அங்கே போக இருபது கிலோமீட்டர் போலச் சாதாரண சாலைதான். கார் அதிகமில்லை, ஆனாலும் என் காது உடனே பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

சோவ்தேரிலிருந்து ஏறக்குறைய போர்தோ வரை மறுபடி வாகனம் இல்லாத வழி; இது ஒரு பழைய ரயில் பாதை. ரோஜே லாபேபி பெயரை வைத்திருக்கிறார்கள். 1937இல் டூர் த பிரான்ஸ் வென்றவர். ஓடும்போதே செயினை மாற்றிக்கொள்ளும் கியரை அந்தப் பந்தயத்தில் அனுமதித்த முதல் வருடம் அது. அதுவரை அது நோஞ்சான்களுக்கு என்று சொல்லி வந்தார்கள். வெலோசியோ எழுதி எழுதி வாதாடியது அந்த கியருக்காகத்தான்; பார்க்க அவர் இல்லை. காட்டு வழி, ஒரு சுரங்கம், கிரேயோன் ஊரில் ஸ்டேஷன் கட்டடத்தில் சைக்கிள்காரர்களுக்கான இடம். பிளாட்பாரத்தில் உட்கார்ந்து காபி குடித்தோம். ரயில் வராது என்று தெரிந்தும் இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன்.

போர்தோவிலிருந்து திரும்புவது ரயிலில். சைக்கிளைக் கொக்கியில் மாட்டிவிட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தோம். ஐந்து நாள் மிதித்த தூரம் இரண்டு மணி நேரத்துச் சொச்சம். கால்வாயை நொடிக்க வைத்த அதே ரயில் பாதைதான், நன்றாகத் தூக்கம் வந்தது. தம்பி தட்டி எழுப்பினார். "அத்தான், நம்ம பாதை." மரங்களுக்கு நடுவே ஒரு நிமிடம் தண்ணீர் தெரிந்தது. ஒரு தொட்டி, ஒரு வீடு. கரையில் யாரோ சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெண்மணி புல்லில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரும் ரயிலைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வணக்கம்.