சனிக்கு மறுநாள் ஏன் ஞாயிறு?

நேயர்களுக்கு வணக்கம். பூமியை நடுவில் வைத்துப் போட்ட பழைய வானக் கணக்கைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேலி செய்வது சுலபம், ஆனால் உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டி இன்றைக்கும் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது, அதனால் முதலில் அங்கே போவோம்.

கி.பி. 150 வாக்கில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்த வானியலாளர் தாலமிக்குக் கிரகங்கள் ஏழு. சூரியனும் சந்திரனும் அதில் உண்டு, பூமி கிடையாது. ஒரு சுற்றுக்கு அதிகக் காலம் எடுப்பது அதிகத் தூரத்தில் இருக்கும் என்று அந்தக் காலத்தில் எடுத்துக்கொண்டார்கள். சனிக்கு ஏறத்தாழ 30 வருடம், குருவுக்கு 12. பெயர்ச்சி பார்க்கிறவர்களுக்கு இது மனப்பாடம். அப்புறம் செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், கடைசியில் சந்திரன். பேனா இல்லாதவர்களுக்காக மறுபடி: சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன்.

சரி, இப்போது நாள்காட்டியில் ஓரை பாருங்கள். மணிக்கு ஒரு கிரகம், இதே வரிசை. சனிக்கிழமை முதல் மணி சனிக்கு. ஏழு ஏழாக எண்ணிக்கொண்டே போனால் 22ஆவது மணி திரும்பவும் சனி, 23 குரு, 24 செவ்வாய். நாள் முடிந்துவிட்டது. மறுநாள் முதல் மணி சூரியனுக்கு, அதனால் அது ஞாயிறு. ஞாயிறிலிருந்து இப்படியே எண்ணுங்கள், திங்களில் வந்து நிற்கும். கிழமைகளுக்கு ரோம வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ தரும் இரண்டு விளக்கங்களில் இது ஒன்று, எனக்கு இதுதான் பிடிக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், புதனும் சுக்கிரனும் சூரியனை விட்டு அதிகம் விலகுவதே இல்லை, பூமியிலிருந்து பார்த்தால் மூன்றுக்கும் சராசரியாகச் சுற்றும் காலம் ஒன்றுதான், ஆகவே சுற்றும் காலத்தை வைத்து மூன்றில் எது கிட்டே எது தூரம் என்று சொல்ல வழியில்லை. உறுதியான சான்று இல்லை என்று தாலமியே எழுதியிருக்கிறார். பிளேட்டோ சூரியனைச் சந்திரனுக்கு அடுத்ததாக வைத்து, மற்ற இரண்டையும் அதற்கு அப்பால் தள்ளினார். அந்த வரிசையில் மணியை எண்ணிப் பாருங்கள், சனிக்கு மறுநாள் புதன்கிழமை வரும்! பள்ளிக்கூடப் பிள்ளைகள் சும்மா விடுவார்களா?

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை வந்துவிட்டது. வக்கிரம் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய் சில மாதம் பின்னால் போவதுபோல் தெரியும். அதற்காகத் தாலமி பெரிய வட்டத்தின் மேல் ஒரு சின்ன வட்டத்தை உருட்டினார், அப்படியும் கணக்கு ஒத்துவராமல் மையத்தை விட்டு விலகிய ஒரு புள்ளியிலிருந்து வேகத்தை அளந்தார். அந்தப் புள்ளி கோப்பர்நிக்கஸுக்கு ஆகவே ஆகாது. 1543இல் வந்த தன் நூலில் அதைத் தூக்கி எறிந்தார், சூரியனை நடுவில் வைத்தார், ஆனால் சின்ன வட்டங்களை அவராலும் விட முடியவில்லை. 1609இல் கெப்ளர் வந்து செவ்வாயின் பாதை நீள்வட்டம் என்று சொன்ன பிறகுதான் அவை போயின. வணக்கம்.