தேக்காவில் மல்லிகை மணக்கிறது

நேயர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூர்த் தேக்காவில் பூக்கடைப் பக்கம் நடந்தாலே மல்லிகை வாசம் ஆளைத் தூக்கும். ஆனால் காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்து சரம் தொடுக்கும் அக்காவுக்கு அது தெரிவதில்லை. பூ என்னவோ அதே பூதான். ஒரே மணம் விடாமல் வந்துகொண்டிருந்தால், சில நிமிடங்களிலேயே மூக்கும் மூளையும் அதைக் கண்டுகொள்வதில்லை. திடீரென்று எங்காவது கருகல் வாடை வந்தால் உடனே தெரிய வேண்டுமே, அதற்காக உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு இது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அம்மா வைக்கும் ரசமும், பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பாட்டியின் சிரிப்பும்கூட இப்படியே நம் கவனத்திலிருந்து நழுவிவிடுகின்றன. எனக்கு அதுதான் ஆற்றாமை.

2020 ஏப்ரல் 7 ஞாபகமிருக்கிறதா? கொவிட்-19 பரவாமலிருக்க நாம் வீட்டோடு இருந்த கிருமிப்பரவல் முறியடிப்புக் காலம் தொடங்கிய நாள். கோப்பிக்கடை மேசைகளில் நாடா ஒட்டிவிட்டார்கள். ஜூன் 19 வரை எல்லாமே பொட்டலம்தான். அப்போது நான் எதற்கு ஏங்கினேன் தெரியுமா? கண்ணாடிக் குவளையில் நுரை பொங்கும் தே ஹாலியா என்ற இஞ்சித் தேநீர், முதல் மடக்கில் தொண்டையில் இறங்கும் இஞ்சிக் காரம், எதிர் நாற்காலியில் கதையளக்க ஓர் ஆள். அவ்வளவுதான். அதே ஆண்டு டிசம்பரில் நம் உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ தன் கலாசார மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. முன்பின் தெரியாதவரோடு மேசையைப் பகிர்ந்து சாப்பிடுகிறோமே, அந்த அன்றாடப் பழக்கத்துக்குக் கிடைத்த மரியாதை அது. செய்தி கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சரி, இழந்தால்தான் அருமை தெரியுமா? அப்படியில்லை. பூக்கடையை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி வந்தாலே போதும், மல்லிகை மறுபடி மணக்கும். அந்தச் சின்ன விலகலை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம். மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது கைப்பேசி பைக்குள் இருக்கட்டும். வேலை முடிந்து வரும்போது ஒரு நிறுத்தம் முன்னதாகவே பேருந்திலிருந்து இறங்கி நடந்து பாருங்கள். சாலையோரத்தில் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களை எத்தனை பேர் அண்ணாந்து பார்த்திருக்கிறோம்? பொழுது சாயும்போது அவற்றின் இலைகள் ஜோடி ஜோடியாக மடங்கிக்கொள்ளும்.

மழை இருட்டிக்கொண்டு வந்தாலும் அவை மடங்கும். அதையும் நின்று பாருங்கள், குடையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு.

நன்றி, வணக்கம்.