ஓம் என்றால் மனிதன்

அவையோருக்கு வணக்கம்.

அழைப்பிதழில் 'ருமேனியர்: நாடு, மக்கள், பண்பாடு' என்று போட்டிருக்கிறார்கள். முக்கால் மணி நேரத்தில் ஒரு நாட்டையே சொல்லி முடித்துவிடலாம் என்பது அமைப்பாளர்களின் நம்பிக்கை. எனக்கு அது இல்லை. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அந்த நாட்டுக்குப் போனதில்லை, அகராதி வழியாகத்தான் போய்வந்தேன். அதனால் ருமேனியர்களைப் பற்றி அவர்கள் சொற்களை வைத்துத்தான் எனக்குப் பேசத் தெரியும்.

நன்றியில் தொடங்குவோம். அவர்கள் மொழியில் நன்றி சொல்ல 'முல்ட்சுமெஸ்க்'. இதன் வேர் 'லா முல்ட்சி ஆனி' என்ற வாழ்த்து. 'முல்ட்சி' என்றால் பல, 'ஆனி' என்றால் ஆண்டுகள். நம்முடைய பல்லாண்டேதான்! பிறந்தநாளுக்கு இன்றும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆக, ருமேனியர் ஒருவர் கடைக்காரருக்கு நன்றி சொன்னால், அவருக்குப் பல்லாண்டு பாடுகிறார் என்று பொருள்.

சரி, நாடு எங்கே இருக்கிறது? ஐரோப்பாவின் தென்கிழக்கே. நடுவில் கார்பேத்திய மலைத்தொடர் அரிவாள் போல வளைந்து கிடக்கிறது. வளைவுக்கு உள்ளே டிரான்சில்வேனியா, தெற்கே டான்யூப் ஆறு வரை வலாக்கியா, கிழக்கே மால்டேவியா. 2021 கணக்கெடுப்புப்படி 1 கோடியே 90 லட்சம் மக்கள். சுற்றிலும் ரஷ்ய மொழியின் இனமான ஸ்லாவ் மொழிகளும் ஹங்கேரிய மொழியும். அவற்றுக்கு நடுவே இவர்கள் மட்டும் லத்தீனின் பேத்தியைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அது எப்படி அங்கே போனது? ரோமப் பேரரசர் டிராஜன் இரண்டு போர் நடத்தி, கி.பி. 106-இல் அன்று அங்கே இருந்த டேசியா நாட்டைப் பிடித்தார். டேசிய மன்னன் டெசெபாலஸ் பிடிபட மனமில்லாமல் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான். ரோமில் நிற்கும் டிராஜன் தூணில் அந்தக் காட்சியைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ரோமர்களுக்கு அங்கே பெரிய ஆசை தங்கச் சுரங்கங்கள் மேல்தான். ஆனால் 170 ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. 271 வாக்கில் பேரரசர் ஔரேலியன் படையையும் அதிகாரிகளையும் திரும்ப அழைத்துக்கொண்டார்.

ரோம் போய்விட்டது, மொழி மட்டும் தங்கியது. மனிதனுக்கு லத்தீனில் 'ஹோமோ', இவர்களிடம் அது 'ஓம்'. நமக்குக் கேட்டால் மந்திரம், யாழ்ப்பாணத்தாருக்குக் கேட்டால் 'ஆமாம்', அவர்களுக்கு வெறும் மனிதன். (தற்செயல்தான். இதை வைத்து யாரும் கட்டுரை எழுதிவிட வேண்டாம்.)

சில சொற்கள் வந்த வழியைப் பார்த்தால் ஒரு கதையே இருக்கும். லத்தீனில் 'பவிமெந்தும்' என்றால் இடித்துக் கெட்டித்த தரை. ருமேனிய மொழியில் அது 'பமிந்த்' ஆகிவிட்டது. பொருள் என்ன தெரியுமா? மண், நிலம், பூமி! வீட்டுத் தரைக்கு இருந்த சொல்லைப் பூமிக்கே வைத்துவிட்டார்கள். ஒளியைக் குறித்த 'லூமென்', 'லூமே' ஆகி உலகத்தைக் குறிக்கிறது. கூடிப் பேசி உடன்படுவதற்கு 'கொன்வெந்தும்'. அது 'குவிந்த்' ஆனது, இன்றைக்கு அதன் பொருளே 'சொல்'. நாலு பேர் கூடினால்தான் சொல் பிறக்கும் என்று அந்த மலையில் யாரோ நினைத்திருக்கிறார்கள். கிழவருக்கு 'பத்ரின்'. அது 'வெத்தெரானுஸ்' என்பதிலிருந்து வந்தது, படையில் நெடுநாள் இருந்து ஓய்வு பெற்றவனைச் சொல்கிற சொல்.

ஆனால் எல்லாமே லத்தீன் என்று நினைத்துவிடாதீர்கள். இதயத்துக்கு 'இனிம'. அது லத்தீன். காதலுக்கு 'யூபிரே', நண்பனுக்கு 'ப்ரியெதென்', ஆமாம் என்பதற்கு 'தா'. மூன்றும் ஸ்லாவியரிடமிருந்து வந்தவை. நகரத்துக்கும் எண்ணத்துக்கும் உள்ள சொற்கள் ஹங்கேரியர் கொடுத்தவை. இதயம் ஓரிடத்துச் சரக்கு, அதற்குள் இருக்கிற காதல் இன்னோரிடத்துச் சரக்கு.

துருக்கியர் வழியாக வந்தவற்றைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஓட்டல் பணியாளருக்குக் கொடுக்கும் காசு 'பக்ஷிஷ்'. ஊருக்குள் சும்மா கிடக்கும் காலி மனை 'மைதான்'. வீட்டுக்கு வரும் விருந்தாளி 'முசாஃபிர்'. நம் ஊர்களில் முசாபர் பங்களா என்று ஒன்று இருக்குமே, அதே சொல்தான். பாரசீகமும் அரபும் ஒரு கையால் இந்தப் பக்கமும் இன்னொரு கையால் அந்தப் பக்கமும் கொடுத்திருக்கின்றன.

இப்போது ஒரு தாளைக் காட்டுகிறேன். ரோமர் கிளம்பிப்போன பிறகு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இந்த மொழியில் எழுதிய முழு ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்திருப்பதில் மிகப் பழையது 1521-ஆம் ஆண்டுக் கடிதம். எழுதியவர் கவிஞரோ சாமியாரோ இல்லை, ஒரு வியாபாரி. பெயர் நேயாக்ஷு, மலைக்குத் தெற்கே கிம்புலுங் ஊர்க்காரர். மலைக்கு அந்தப் பக்கம் இருந்த பிரஷோவ் நகரத் தலைவர் ஹான்ஸ் பெங்க்னருக்கு எழுதுகிறார். விஷயம் என்னவென்றால், துருக்கி சுல்தான் சோபியாவிலிருந்து கிளம்பிவிட்டான், கப்பல்கள் டான்யூபில் மேலே போகின்றன, கண்ணால் பார்த்த ஆள் வந்து சொன்னான். கடைசியில் ஒரு வேண்டுகோள் வைக்கிறார். தாங்கள் விவரம் தெரிந்தவர், இந்தச் சொற்களைத் தங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், நிறையப் பேருக்குத் தெரிய வேண்டாம். பாவம் மனுஷன். ரகசியம் என்று அவர் எழுதினதை இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் படிக்கிறார்கள்.

அந்தத் தாளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எழுதியவர் ருமேனியர், பெற்றவர் ஜெர்மானியர், சேதி துருக்கியரைப் பற்றியது. 'மாண்புமிகு' பாணி விளிப்பு பழைய ஸ்லாவ் மொழியில். எழுத்து சிரிலிக், அதாவது ரஷ்ய எழுத்தின் இனம். உள்ளே ஓடுவது லத்தீனின் பேத்தி. ருமேனியா எப்படிப்பட்ட நாடு என்று யாராவது கேட்டால் நான் வரைபடத்தைக் காட்ட மாட்டேன், இந்தக் கடிதத்தைத்தான் காட்டுவேன்.

இடையில் அந்த ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் இவர்கள் எங்கே இருந்தார்கள்? இதில்தான் சண்டை. டான்யூபுக்கு வடக்கே அதே மலையில்தான் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தோம் என்கிறார்கள் ருமேனிய வரலாற்றாசிரியர்கள். இல்லை, தெற்கிலிருந்து பிறகு வந்தவர்கள் என்கிறார்கள் ஹங்கேரியத் தரப்பில் பலர். இரண்டு பக்கமும் சாட்சிக்குக் கூப்பிடுவது சொற்களைத்தான். குதிரைக்குட்டிக்கு 'மின்ஸ்', ஊசியிலை மரத்துக்கு 'ப்ராத்' என்று சில சொற்கள் லத்தீனில் இல்லாதவை. பார், டேசியர் விட்டுப்போன சொத்து என்கிறது ஒரு பக்கம். அதே சொற்கள் அல்பேனியரிடமும் இருக்கின்றனவே, தெற்கே சேர்ந்து வாழாமல் எப்படி வந்தன என்கிறது மறுபக்கம். டிரான்சில்வேனியா யாருக்கு என்ற கேள்வி பின்னால் நிற்பதால், ஒரு குதிரைக்குட்டிகூட அங்கே அரசியலுக்குத் தப்பவில்லை.

எழுத்தும் தப்பவில்லை. 1860-களில்தான் சிரிலிக்கை விட்டு முழுக்க லத்தீன் எழுத்துக்கு வந்தார்கள். அதோடு ஸ்லாவ் சொற்களைக் களைந்து பிரெஞ்சுச் சொற்களைக் கூடை கூடையாக இறக்கினார்கள். மொழியைச் சுத்தம் செய்யும் இந்த ஆர்வம் நமக்குப் புதிதில்லை, விளக்க வேண்டாம். எல்லைக்கு அப்பால், இன்று தனி நாடாக இருக்கும் மால்டோவாவிலோ, சோவியத் ஆட்சி வந்ததும் அதே மொழிக்கு மறுபடி சிரிலிக்கை மாட்டி, 'மால்டோவிய மொழி' என்று வேறு பெயரும் வைத்தார்கள். 1989 ஆகஸ்ட் 31 அன்று லத்தீன் எழுத்து திரும்பியது. அந்த நாள் அங்கே இன்றும் மொழிக்கான அரசு விடுமுறை. சட்டங்களில் மொழியின் பெயர் 'ருமேனிய மொழி' என்று மாறியதோ 2023-இல்தான்.

அப்புறம், ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ரோமா மக்கள் வேறு, ருமேனியர் வேறு. பெயர் ஒத்திருப்பது தற்செயல். ரோமா மக்களின் முன்னோர் வட இந்தியாவிலிருந்து போனவர்கள். தண்ணீருக்குப் 'பானி', காதுக்குக் 'கான்' என்று இன்றும் சொல்வார்கள். வலாக்கியாவிலும் மால்டேவியாவிலும் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் அவர்கள் அடிமைகள். அரசனுக்குச் சொத்து, நிலப்பிரபுவுக்குச் சொத்து, மடத்துக்கும் சொத்து. விலை பேசி விற்றார்கள். மால்டேவியாவில் 1855-லும் வலாக்கியாவில் 1856-லும்தான் அது முழுதாக ஒழிந்தது. கல்யாண வீடுகளில் பிடில் வாசிக்கும் 'லௌதார்' குடும்பங்களில் பெரும்பாலோர் இந்த மக்கள்தான். ருமேனிய இசை என்று உலகம் கைதட்டுவதில் பெரும்பகுதி அவர்கள் விரல் வித்தை. இதைச் சொல்லாமல் அந்தப் பண்பாட்டைப் புகழ்ந்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல நினைத்தேன். மக்காச்சோளக் களி, முட்டைகோஸ் இலையில் சுருட்டிய இறைச்சி, இப்படி நிறைய இருக்கிறது. பின்வரிசையில் நாற்காலி மடக்கும் சத்தம் கேட்கிறது, அதனால் வேண்டாம். ஆனால் அந்தச் சத்தத்துக்கும் ஒரு சொல் உண்டு. லத்தீனில் 'ப்ளிகாரே' என்றால் மடிப்பது. ஸ்பெயினில் அதன் வழிவந்த சொல்லுக்கு 'வந்து சேர்' என்று பொருள். ருமேனியாவிலோ 'ப்ளெகா' என்றால் 'கிளம்பு'. ஒரே சொல், நேரெதிர்ப் பொருள். இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். ஸ்பெயினில் இருந்தவர்கள் கடலோடிகள், பாயை மடித்தால் கரை வந்துவிட்டது. டேசியாவில் இருந்தவர்கள் சிப்பாய்கள், கூடாரத்தை மடித்தால் புறப்பாடு.

அங்கே மடக்குகிறவர் கடலோடி மாதிரி தெரியவில்லை. முல்ட்சுமெஸ்க்.