பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு

அஸ்ஸலாமு அலைக்கும். அன்பார்ந்த நேயர்களே,

பிள்ளையை மார்க்கக் கல்வி தரும் மதரஸாவில் சேர்த்தாகிவிட்டது, இனி ஆசிரியரான உஸ்தாத் பார்த்துக்கொள்வார் என்று பெற்றோர் பலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். உஸ்தாத் ஓதக் கற்றுக்கொடுப்பார், பெரிய உபகாரம்தான். ஆனால், "உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் நெருப்பிலிருந்து காத்துக்கொள்ளுங்கள்" என்ற திருக்குர்ஆனின் கட்டளை (66:6) நம்மை நோக்கி வந்தது. அதை இன்னொருவர் தோளில் ஏற்றிவிட முடியாது.

நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) தம் சிறுவயதில் நடந்ததை அறிவிக்கிறார்கள். அந்தச் சிறுவரின் வீட்டில் நபி முஹம்மது (ஸல்) அவர்கள் அமர்ந்திருந்தார்கள். தாயார், "இங்கே வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என்று மகனை அழைத்தார். "என்ன கொடுக்க நினைத்தாய்?" என்று நபியவர்கள் கேட்டார்கள். "பேரீச்சம்பழம்" என்றார் தாயார். "நீ எதுவும் கொடுக்காமல் இருந்திருந்தால், உன்மீது ஒரு பொய் பதியப்பட்டிருக்கும்" என்றார்கள் நபியவர்கள். அபூதாவூத் என்ற நபிமொழித் தொகுப்பில் உள்ள ஹதீஸ் (நபிமொழி) இது.

ஒரு பேரீச்சம்பழம்! அதற்கே இந்தக் கணக்கு. அழுகையை அடக்க நாம் என்னென்னவோ தருவதாகச் சொல்கிறோம். அழுகை நின்றதும் மறந்துவிடுகிறோம். பிள்ளை மறப்பதில்லை. பிறகு அதே வாயால், பொய் சொல்வது பாவம் என்கிறோம். அவன் எதை நம்புவான்?

நபியவர்களின் பராமரிப்பில் வளர்ந்த உமர் இப்னு அபீஸலமா (ரலி) என்ற சிறுவரின் கை, உணவுத் தட்டில் அங்குமிங்கும் அலைந்தது. "பிஸ்மில்லாஹ் (அல்லாஹ்வின் பெயரால்) சொல், வலது கையால் சாப்பிடு, உன் பக்கத்தில் இருப்பதை எடுத்துச் சாப்பிடு" என்றார்கள் நபியவர்கள். அதட்டல் இல்லை, அவமானப்படுத்தல் இல்லை. அன்றுமுதல் அதுவே தம் பழக்கமாகிவிட்டது என்று அவரே பின்னாளில் சொல்கிறார். ஒரே தட்டில் உடன் அமர்ந்து உண்டவர் சொன்ன சொல் அது.

ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள் என்ற ஹதீஸ் எல்லாருக்கும் தெரியும். பத்து வயதில் தொழாவிட்டால் கண்டிக்கச் சொல்லும் அதன் அடுத்த பகுதியைச் சிலர் உடனே நினைவுபடுத்துவார்கள். இடையில் மூன்று ஆண்டுகள் இருக்கின்றனவே! நாளொன்றுக்கு ஐந்து வேளைத் தொழுகை என்றால், 5,000 தடவைக்கு மேல் அன்போடு அழைக்க வேண்டும். அந்த அழைப்பைத் தவறவிட்டவருக்குக் கண்டிக்கும் தகுதி எங்கிருந்து வரும்?

இறைத்தூதர் இப்ராஹீம் (அலை) அவர்களின் துஆவில் (பிரார்த்தனையில்) முதலில் தாம், பிறகுதான் பிள்ளைகள்: "என் இறைவனே! என்னைத் தொழுகையை நிலைநிறுத்துபவனாக ஆக்குவாயாக, என் சந்ததியினரிலிருந்தும் அவ்வாறே" (14:40). இன்றைய தொழுகைக்குப் பின் பிள்ளையை அருகில் அமர்த்தி, அவன் காதில் விழும்படி இதை இறைவனிடம் கேளுங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும்.