லாச்சியில் கிடந்த உறை

வணக்கம் உறவுகளே. இன்றைக்குச் சமையல் இல்லை, கடைத்தெரு இல்லை. கையில் ஒரு சின்னக் குப்பி வைத்திருக்கிறேன், கொஞ்சம் கிட்டக் காட்டுகிறேன், தெரிகிறதா? பெருங்குடல் புற்றுநோய்க்காக மலத்தைச் சோதிக்கிற குப்பி இது. முகம் சுளிக்காமல் கொஞ்ச நேரம் இருந்து கேளுங்கள், ஏனென்றால் இதே மாதிரி ஒன்று அம்மாவின் பெயருக்கு வந்து, எங்கள் வீட்டு லாச்சிக்குள் பழைய பில்லுகளுக்குக் கீழே மாதக்கணக்காகக் கிடந்தது.

இங்கே இங்கிலாந்தில் ஜி.பி. என்கிற குடும்ப வைத்தியரிடம் பதிந்திருக்கிற 50 முதல் 74 வயது வரையானவர்களுக்கு என்.எச்.எஸ் என்கிற அரச மருத்துவ சேவை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இதைத் தபாலில் அனுப்புகிறது. முந்தி 60 வயதில்தான் வரும், 2021 இலிருந்து படிப்படியாகக் குறைத்து 50க்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எனக்கு 51, அதனால் கையில் இருப்பது என்னுடையது.

அம்மாவுக்கு 69. ஏன் செய்யவில்லை என்று கேட்டால், "ஒரு வருத்தமும் இல்லாத ஆளுக்கு என்னத்துக்குச் சோதனை?" என்றார். நம்மில் எத்தனை பேர் இதையே சொல்கிறோம்! ஆனால் இது வருத்தம் இல்லாத ஆளுக்கென்றே வைத்த சோதனை. பெருங்குடலின் உள்சுவரில் பொலிப் என்று சின்னச் சின்னத் தசை வளர்ச்சிகள் வரும், பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது, சிலது மட்டும் பத்து வருடம் போல எடுத்து மெல்ல மெல்லப் புற்றுநோயாக மாறும், அந்தக் காலம் முழுக்க நோவும் இருக்காது, ஒன்றும் தெரியாது. ஆனால் அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் கசியலாம். அந்த இரத்தத்தைத்தான் இந்தக் குப்பி தேடுகிறது.

இன்னொரு காரணமும் இருந்தது. 2018 இல் அம்மா ஒருமுறை செய்திருக்கிறார், அது பழைய முறை, மூன்று தனித்தனித் தடவை எடுத்து ஒரு அட்டையில் பூச வேண்டும். அந்த அருவருப்பு மனதில் நின்றுவிட்டது. 2019 இல் அதை மாற்றிவிட்டார்கள், இப்போது ஒரே ஒரு தடவைதான். மனித இரத்தத்தை மட்டும் பிடிக்கிற சோதனை என்பதால் முதல்நாள் இறைச்சி சாப்பிட்டோமா பீட்ரூட் சாப்பிட்டோமா என்ற கவலையும் வேண்டாம்.

செய்வது எப்படி? மலம் கக்கூஸ் தண்ணீரில் படக்கூடாது, கழுவித் துடைத்த பழைய ஐஸ்கிரீம் டப்பா போதும். மூடியைத் திறந்தால் அதோடு ஒரு குச்சி வரும், இதோ, நுனியில் வரிவரியாக இருக்கிறது பாருங்கள், அந்த வரிகள் மூடும் அளவுக்குத் தொட்டால் சரி, அள்ளிப் போடத் தேவையில்லை. திரும்பச் செருகி இறுக்கி மூடுங்கள். உள்ளே இருக்கிற தண்ணியை ஊற்றிவிடாதீர்கள். அப்புறம் திகதி! குப்பியில் எடுத்த திகதியை எழுத மறந்தால் இன்னொன்று அனுப்பித் திரும்பச் செய்யச் சொல்லக்கூடும்.

அம்மாவை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்து அனுப்பினோம். இரண்டு கிழமைக்குள் கடிதம் வந்தது, மேலும் பார்க்க வேண்டும் என்று. அன்று இரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நூறு பேரில் சுமார் இரண்டு பேருக்குத்தான் அப்படி வரும், அவர்களிலும் பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் இருக்காது, மூலத்தால்கூட இரத்தம் வரலாம். இதையெல்லாம் பிறகு ஒரு தாதி பொறுமையாக விளங்கப்படுத்தினார். அன்றைக்கே தெரிந்திருந்தால் கொஞ்சம் நித்திரையாவது கொண்டிருப்போம்.

அடுத்தது கொலொனோஸ்கோபி, கமெரா வைத்த குழாயால் பெருங்குடலைப் பார்ப்பது. அம்மா அதைவிடச் சாப்பாட்டுக்குத்தான் கஷ்டப்பட்டார். நார்ச்சத்தும் விதையும் ஆகாது. வெள்ளை இடியப்பம் சரி, குரக்கன் புட்டு கூடாது, பருப்பு கூடாது, கடுகு வெந்தயம் போட்டுத் தாளித்தது ஒன்றும் கூடாது. முதல்நாள் குடிக்கக் கொடுக்கிற பேதி மருந்து லேசில்லை, கக்கூஸுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நீரிழிவுக்கோ இரத்தம் உறையாமலிருக்கவோ மருந்து எடுப்பவர்கள், இரும்புச்சத்துக் குளிசை எடுப்பவர்கள், அதை முன்கூட்டியே தாதியிடம் சொல்லிவிடுங்கள்.

மூன்று பொலிப் இருந்தது. ஒன்று 15 மில்லிமீட்டர். குழாய்க்குள்ளாலேயே ஒரு கம்பி வளையத்தை விட்டுச் சுருக்கிட்டு எடுத்துவிட்டார்கள், பின்னேரம் அம்மா வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஆய்வுகூட முடிவில் புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டிருந்தால் அப்படி மாறக்கூடிய வகை. மூன்று வருடம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அந்த உறை இன்னும் லாச்சிக்குள்ளேயே கிடந்திருந்தால் என்று நினைக்கவே எனக்கு வயிறு கலங்குகிறது. முதல் கட்டத்தில் கண்டுபிடித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து வருடம் தாண்டி வாழ்கிறார்கள், நாலாம் கட்டத்தில் பத்தில் ஒருவர்தான்.

இளம் ஆட்கள், நீங்களும் கேளுங்கள். புற்றுநோய் பற்றி பி.பி.சி. ஒலித்தொடர் நடத்திய டெபோரா ஜேம்ஸை இங்கே பலருக்கும் தெரியும், 35 வயதில் இந்த நோய் கண்டு, 2022 ஜூனில் 40 வயதில் போய்விட்டார். கடைசிவரை கக்கூஸில் திரும்பிப் பாருங்கள் என்று வெட்கமில்லாமல் பேசினார், அந்தப் பெண்ணின் துணிச்சலை நான் கும்பிடுகிறேன். அந்த வயதுக்கு இந்தக் குப்பி தபாலில் வராது. மலத்தில் இரத்தம், வழக்கம் மாறி மூன்று கிழமையாக வயிற்றோட்டமோ மலச்சிக்கலோ, காரணமில்லாத மெலிவு, இரத்தச்சோகை என்றால் எந்த வயதானாலும் ஜி.பி.யிடம் போங்கள். குப்பி நல்ல முடிவு சொல்லியிருந்தாலும் போங்கள், அது எல்லாவற்றையும் பிடித்துவிடாது.

அப்பாவுக்கு 77. 75 ஆனபின் தானாக வராது, 0800 707 60 60 என்ற இலவச எண்ணுக்கு எடுத்துக் கேட்டால் அனுப்புவார்கள். இன்று காலையில் எடுத்தேன். "கொம்மா செய்துவிட்டாள், நான் பயந்து இருக்கிறதா?" என்று அவர்தான் எண்ணை அழுத்தித் தந்தார்.